பரங்கிக்காய்க்குப் பின்னால் ஒரு முகம்

ஜெக்கரியா பாய் தெருவில் நின்றால் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார். முகவாய் நெஞ்சில் முட்டும். வயிற்றுக்கு நேராகத் தொங்கும் காமிராவின் மேல்மூடி திறந்திருக்கும். காலடியில் எதையோ தவறவிட்டுத் தேடுகிறார் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். மாயவரம் பட்டமங்கலத் தெருவில் நடமாடியவர்களில், "என்ன பாய், எதைத் தொலைச்சீங்க?" என்று ஒரு தடவையாவது கேட்காதவர்கள் குறைவு.

அவரும் அலுக்காமல் பதில் சொல்வார். ஒருநாள் மூக்குக்கண்ணாடி ஸ்குரு என்பார்; அவர் கண்ணாடியே போட்டதில்லை. இன்னொரு நாள் சட்டைப் பொத்தான் என்பார். ஒருமுறை அத்தர் விற்கும் மூஸா கூடவே குனிந்து தேடி, சாக்கடை ஓரத்திலிருந்து நிஜமாகவே ஒரு பொத்தானை எடுத்துக் கொடுத்துவிட்டார். பாய் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஊதி, பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பொத்தான் ரொம்ப நாள் ஆமினாவின் தையல் டப்பாவில் கிடந்தது. எந்தச் சட்டைக்கும் பொருந்தவில்லை.

ஆமினா அவர் மனைவி. இந்தப் பழக்கம் அவளுக்குக் கல்யாணமான வாரத்திலேயே தெரியும். அதிராம்பட்டினத்தில் தாய்வீட்டு ஜன்னல் வழியாக அவள் எட்டிப் பார்த்தபோது, புது மாப்பிள்ளை தெருமுனையில் தலைகுனிந்து நின்றிருந்தார்.

"நல்ல எடத்துலதான் குடுத்திருக்கோம். என்ன அடக்கம் பாரு, நிமிந்து ஒரு பொம்பளையைப் பாக்கல" என்றாள் உம்மா.

ஆமினாவும் நம்பினாள். மாயவரத்துக்கு வந்து, அவர் கழுவிய படங்களை முற்றத்துக் கொடியில் காயப்போட்டபோதுதான் அடக்கத்தின் லட்சணம் தெரிந்தது. அந்தப் படங்களில் ஒன்றில் உம்மாவே இருந்தாள், மீன்காரியிடம் கையை நீட்டிச் சண்டை போட்டபடி.

அந்தக் காமிராவுக்கு முன்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கண். முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. மேலே மூடியைத் திறந்தால் உள்ளங்கையளவுக்கு ஒரு கண்ணாடி. எதிரே இருக்கிற தெரு அதில் வந்து உட்கார்ந்திருக்கும். காமிரா என்றால் கண்ணில் வைத்துப் பார்ப்பது என்று ஊர் நினைத்திருந்ததால், குனிந்து நிற்கிறவரிடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் பிழைப்பு என்னவோ வீட்டின் முன்கட்டில் நடத்திய பிறை ஸ்டுடியோதான். கல்யாணம், காதுகுத்து, கல்லூரியில் சேரப் போகிறவர்களுக்கு மார்பளவுப் படம். ஒரு ரோலில் பன்னிரண்டு படம் வரும். வாடிக்கைக்காரர்களுக்கு எடுத்தது போக ஒன்று, இரண்டு மிஞ்சும். அது தீராமல் ரோலைக் கழுவ முடியாது. தீர்ப்பதற்குத் தெருவுக்குப் போவார். அந்த மிச்சப் படங்கள்தான் அவருடைய சொந்தப் படங்கள். ஆற்றும் டீயை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கொட்டாவி விடும் டீ மாஸ்டர். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கும் இரண்டு கட்சிக்காரர்கள். கரைவேட்டியின் கரை மட்டும் வேறு வேறு. ஆட்டிடம் ஏதோ நியாயம் கேட்கும் கிழவி.

கொடியில் ஒரு பக்கம் ஆமினாவின் புடவை, இன்னொரு பக்கம் இந்தக் கூட்டம். முதலில் பார்ப்பதும் சிரிப்பதும் அவள்தான். சிரித்து முடித்ததும் அவளுக்கு ஒரு உறுத்தல் வரும்.

"இவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டா அந்த ஆள் போயிருவாரு ஆமினா. அவரு நின்ன எடத்துல வேற யாரோ வந்து வெறைப்பா நிப்பாரு."

"உங்களை யாராச்சும் இப்படி எடுத்தா?"

"எனக்குத்தான் முகமே தெரியாதே. குனிஞ்சில்ல நிப்பேன்."

இந்தப் பதிலை நினைத்து அவள் பல நாள் குழம்பியிருக்கிறாள். கேட்காமல் எடுப்பது திருட்டு இல்லையா? திருட்டு என்றால் பறிகொடுத்தவருக்கு என்ன குறைந்தது? ஒன்றும் குறையவில்லை என்றால் அவளுக்கு ஏன் உறுத்துகிறது? விடை கிடைக்காது. அதற்குள் அடுத்த ரோல் காயும். அவள் மறுபடி சிரித்துவிடுவாள்.

அந்தப் பரங்கிக்காய்ப் படமும் அப்படித்தான் வந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. தெருவின் நடுவில் இராஜாங்கத்தின் வீடு. சுற்று வட்டாரத்தில் அவருக்கு ஏகப்பட்ட நிலம். ஊர் அவரைப் பண்ணை என்றே சொல்லும். படத்தில் அவர் வாசற்படியில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். எதிரே ஒரு ஆள். இடுப்பில் நாலுமுழ வேட்டி, சேறு காய்ந்த கால்கள், மார்புக்கு மேலே தலைக்குப் பதிலாக ஒரு பெரிய பரங்கிக்காய். காம்பு, உச்சிக்குடுமி மாதிரி நிற்கிறது. பண்ணையின் முகமோ, படியில் யாரோ செத்த எலியைப் போட்டுவிட்டுப் போனதுபோல் சுளித்திருக்கிறது.

ஆமினா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "யாருங்க இது?"

"தெரியலையே. காய்க்குப் பின்னால முகம் போயிருச்சு. அதுதான் அழகு" என்றார் பாய். அவருக்கு அந்தப் படத்தில் அவ்வளவு பெருமை. அடுப்பங்கரை மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொள்வார்.

யாரென்று கோடையில் தெரிந்தது. கீரையும் அவரைக்காயும் கூடையில் கொண்டுவந்து விற்கும் அம்சம், ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு விலை சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அம்சம், வாய் வலிக்குதா? இன்னைக்குச் சத்தத்தையே காணோம்."

"வயிறு எரியுது பாயம்மா. எங்க வீட்டு ஆளு அந்தப் பண்ணைகிட்ட குத்தகைக்கு உழுவுறாருல்ல? இப்பப் புதுசாச் சட்டம் வந்திருக்காமே, குத்தகைக்காரங்க எல்லாம் தாலுகா ஆபீசுல பேரைப் பதிஞ்சுக்கலாம், அப்புறம் நெனச்ச நேரத்துல எறக்கி விட முடியாதுன்னு? எழுதிக் குடுத்தோம். பண்ணை வந்து, 'காத்தான் என்கிட்ட கூலிக்கு வேலை செய்யிற ஆளு, குத்தகை கிடையாது'ன்னு சொல்லிட்டாரு."

"ரசீது எதுவும் இல்லையா?"

"நெல்லை அளந்து போட்டா அது குதிருக்குப் போவும். யாரு ரசீது குடுத்தா? பொங்கலுக்குப் பொங்கலு பெரிய பரங்கிக்காயாப் பாத்து அவரு வாசலுக்குச் சொமந்துக்கிட்டுப் போறாரே, அதுக்கு யாரு ரசீது குடுத்தா? கூலிக்காரன்னா பண்ணைதானே பொங்கலுக்கு வேட்டியும் நெல்லும் குடுக்கணும்? குத்தகைக்காரன்தானே கொண்டுபோய்க் குடுப்பான்? இது ஊருக்கே தெரியும். ஆபீசுல போயி ஊரு வந்து நிக்குமா?"

ஆமினா எழுந்து உள்ளே போனாள். மாடத்திலிருந்து படத்தை எடுத்து வந்து அம்சத்தின் மடியில் வைத்தாள்.

அம்சம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட, நம்ம காய்! இந்தக் காம்பு வெடிச்சதுக்கு நான்தான் சாணியைத் தடவுனேன். எங்க வீட்டு ஆளு காலு!" பிறகு அவள் முகம் மாறியது. "மூஞ்சி எங்க பாயம்மா?"

மத்தியானம் சாப்பிட வந்த பாய், மாடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"முகமே இல்லாத படத்தைக் காட்டி என்ன ஆவப்போவுது?"

"பண்ணை மொகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப என்ன? அவரைப் பகைச்சிக்கிட்டா கல்யாண ஆர்டர் போயிரும்னு பயமா?"

"அதெல்லாம் இல்ல."

இல்லைதான். அவளுக்கும் தெரியும். அவர் என்ன நினைக்கிறார் என்பதும் தெரியும். அதை அவர் வாயாலேயே சொல்ல வைக்கப் பேசாமல் ரசம் ஊற்றினாள்.

"ஆபீசுல எப்ப எடுத்தே, எப்படி எடுத்தேன்னு கேப்பாங்க" என்றார் கடைசியில். "குனிஞ்சிக்கிட்டு எடுத்தேன்னு சொல்லணும். ரெண்டே நாள்ல ஊரு பூராத் தெரிஞ்சிரும். அப்புறம் நான் குனிஞ்சா எல்லாரும் தலையைச் சீவிக்கிட்டு நிப்பாங்க. என் தெரு போச்சு."

"உங்களுக்குத் தெரு போவும். காத்தானுக்கு நெலம் போவும்."

அவர் தட்டிலேயே கண்ணாக இருந்தார். இந்த மனிதர் எதைக் கண்டாலும் குனிந்துதான் பார்ப்பார் போல என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவருக்கு வேறு என்ன விளையாட்டு உண்டு? சீட்டில்லை, சினிமா இல்லை. ரோலில் மிஞ்சும் ஒன்றிரண்டு படம். அதையும் நாமே பிடுங்குகிறோமோ? அவரை அனுப்ப நான் யார், எனக்கு என்ன போகிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"கேக்காம எடுத்தீங்கல்ல?" என்றாள் மெல்ல. "இப்பக் கேக்குறாங்க. குடுங்க."

விசாரணை நாளில் ஜெக்கரியா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். நடந்ததை ஆமினாவுக்குச் சொன்னது அம்சம். சொல்லவில்லை, நடித்தே காட்டினாள். அடுப்பங்கரையில் இருந்த சுரைக்காயைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தாசில்தாரு படத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. 'காயைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது யாரு?'ன்னாரு. பண்ணைக் கணக்கப்பிள்ளை எந்திரிச்சு, 'யாரா வேணும்னாலும் இருக்கலாமுங்க, தலை இருக்க வேண்டிய எடத்துல பரங்கிக்காதான் இருக்கு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க பாயம்மா. எங்க வீட்டு ஆளும் சேந்து சிரிக்குது! எனக்கு அழுவையா வருது."

"அவரு என்ன பண்ணாரு?"

"பாயா? அவரு தரையைப் பாத்துக்கிட்டு நின்னாரு. 'எப்படி எடுத்தீங்க?'ன்னு தாசில்தாரு கேட்டதும் காமிராவைத் தொறந்து குனிஞ்சு காட்டுனாரு. ஒருத்தரு, 'அடப்பாவி, பொத்தானைத் தேடுறேன்னாரே!'ன்னு கத்துனாரு. அப்புறம் படம் பண்ணை கைக்குப் போச்சு."

அம்சம் சுரைக்காயைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து முகத்தைச் சுளித்தாள். பண்ணையேதான்.

"தன் மூஞ்சியைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. 'என்னய்யா இது? என் மூஞ்சி இப்படியா இருக்கு?'ன்னாரு. பாய் மெதுவா, 'அன்னைக்கு அப்படித்தாங்க இருந்துச்சு'ன்னு சொன்னாரு. வந்துச்சே கோவம்! 'இருக்காதா பின்ன? இவன் கொண்டாந்த காயி பாக்கத்தான் பெரிசு, வெட்டுனா உள்ள பாதி அழுவல். காயும் அழுவல், இவன் அளந்த குத்தகை நெல்லும் பாதி கருக்கா! தூத்தாம அப்படியே அள்ளிக் கொட்டுறான் பதரை! இவன் மூஞ்சியில முழிச்சா என் மூஞ்சி எப்படி இருக்கும்?'னு கத்துறாரு."

"அல்லாவே!" என்று ஆமினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கணக்கப்பிள்ளை துண்டை எடுத்து மொகத்தை மூடிக்கிட்டாரு. தாசில்தாரு பேனாவை எடுத்து, 'எந்த நெல்லு?'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான்! குத்தகைன்னு அவரு வாயாலேயே வந்திருச்சு. எங்க வீட்டு ஆளுக்கு அப்பத்தான் ரோஷம் வந்திருச்சு. 'என் நெல்லுல கருக்காயா? தூத்திச் சலிச்சுத்தானே அளந்தேன்'னு அது ஒரு பக்கம் சண்டைக்கு நிக்குது. 'சும்மா இருய்யா, கெலிச்சிட்டே'ன்னு நான்தான் வேட்டியைப் புடிச்சு இழுத்தேன்."

குத்தகைக்காரன் கொண்டுவந்த எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதது பண்ணையின் வழக்கம். சொன்னால் அடுத்த வருஷம் குத்தகையைக் குறைக்கச் சொல்வான் என்ற கணக்கு. வருஷக்கணக்காகக் குறை சொல்லியே பழகிய வாய், தாலுகா ஆபீசிலும் பழக்கத்தை விடவில்லை. காத்தான் பெயர் பதிவானது.

அன்று சாயங்காலம் காத்தான் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆமினா மறைப்புக்குப் பின்னால் படங்களுக்கு ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பாய், என் நெலம் நின்னிருச்சு. ஆனா ஒரு கொறை."

"என்ன காத்தான்?"

"ஆபீசுல அத்தனை பேரும் என்னைப் பாத்தாங்க, ஆனா பாத்தது பரங்கிக்காயை. எனக்குன்னு ஒரு படம் இதுவரைக்கும் கெடையாது. இருக்குற ஒண்ணுலயும் தலை என்னுது இல்ல."

"அதுக்கென்ன, வந்து உக்காருங்க" என்று பாய் விளக்கைப் போட்டார். காத்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தோள் தூக்கிக்கொண்டது. கண் இரண்டும் விரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. சற்று முன்பு குறை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஆள் எங்கேயோ போய்விட்டார். பாய் எடுத்தார். கழுவியும் பார்த்தார். மறுநாள் காத்தான் வந்தபோது படத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்.

"இது நீங்க இல்ல. பயந்துபோன வேற யாரோ. உங்களை நான் தெருவுல வச்சு எடுத்துத் தர்றேன். உங்களுக்குத் தெரியாம. என் கடன் அது."

"சரி பாய். கடன்னு நீங்கதான் சொன்னீங்க. மறந்துராதீங்க."

ஆனால் தெரு போய்விட்டிருந்தது. பாய் பயந்த மாதிரியேதான் ஆனது. அவர் குனிந்ததும் டீ மாஸ்டர் டீயை ஒரு முழம் கூடுதல் உயரமாகத் தூக்கி ஆற்றினார். பழக்கடைக்காரர் முருகன் படம் மாதிரி சிரித்தார். பொத்தான் எடுத்துக் கொடுத்த மூஸா, அத்தர் புட்டியைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் எடுங்க பாய், இந்தப் பக்கம்தான் எனக்கு லட்சணம்" என்றார். இராஜாங்கம் வீட்டுக் கல்யாணங்களுக்குக் கும்பகோணத்திலிருந்து படம் எடுக்க ஆள் வந்தது. ஆனால் பிறை ஸ்டுடியோவைக் கடக்கும்போது மட்டும் பண்ணை சிரித்த முகமாகப் போகப் பழகிக்கொண்டார். வீட்டு வாசலை மிதித்ததும் பழைய முகம் திரும்பிவிடும்.

காத்தான் எல்லாரையும்விட மோசம். தன்னை எடுக்கப்போகிறார் என்பது தெரிந்துவிட்டதே! டவுனுக்கு வந்தாலே விறைப்பாக நடந்தார். பாய் தூண் மறைவில் நின்று பார்த்தார், மாட்டுவண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார். காத்தான் அசந்திருந்த சமயங்களில் வேறேதாவது குறுக்கே வந்தது. கொடியில் காய்ந்த படங்களை ஆமினா பார்ப்பாள்: காத்தான் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குடை, ஒரு எருமையின் பின்பக்கம், கட்சி ஊர்வலத்தின் கொடி, காவிரித் துலாக்கட்டத்தில் அவரே தலையில் போட்டுக்கொண்ட ஈரத்துண்டு.

"மொகத்தைத் தவிர எல்லாம் எடுத்துட்டீங்க" என்பாள்.

"வரும்" என்பார்.

காத்தான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டு நாள் முன்னால், பண்ணை வீட்டைத் தாண்டி நேராக ஸ்டுடியோ வாசலுக்கு ஒரு பரங்கிக்காயைச் சுமந்து வந்தார். முதல் வருஷம் பாய் பதறிப்போனார்.

"என்ன காத்தான் இது? நான் என்ன பண்ணையா?"

"பண்ணைக்குக் கொண்டுபோனது நான் பட்ட கடனுக்கு. இது நீங்க பட்ட கடனுக்கு. கொண்டாந்து வச்சாத்தானே ஞாவகம் இருக்கும்?"

கடன் கொடுத்தவன் கடன் வாங்கியவனுக்குச் சீர் கொண்டுவருவதை மாயவரம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆமினா அதில் பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, மீதியைச் சர்க்கரை போட்டுக் கிண்டுவாள். வருஷங்கள் போயின. ஆட்சிகள் மாறின. மாயவரம் மயிலாடுதுறை என்று போர்டு மாறியது. தெருவுக்கு வேறு சின்னக் காமிராக்கள் வந்தன, கலர் வந்தது. பரங்கிக்காய் மட்டும் தவறாமல் வந்தது. "படம் வந்திருச்சா பாய்?" "இல்ல காத்தான். வரும்."

ஒரு ஐப்பசியில், அடைமழை விட்ட மறுநாள், ஜெக்கரியா மௌத்தானார். காமிராவில் ரோல் இருந்தது. ஒரே ஒரு படம் மிச்சம். அதைக் கழுவக் கொடுக்க ஆமினாவுக்கு மனம் வரவில்லை. மிச்சத்தைத் தெருவில் தீர்க்காமல் ரோலை எடுப்பது அந்த வீட்டு வழக்கம் இல்லை.

அந்த வருஷம் காத்தான் வரமாட்டார் என்று நினைத்தாள். கடன்பட்டவரே போய்விட்டார், இனி யாரிடம் கேட்பது? ஆனால் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், தெருமுனையில் ஒரு பரங்கிக்காய் இரண்டு கால்களோடு நடந்து வந்தது. கால்கள் முன்னைவிட மெலிந்திருந்தன. நடை அதே நடை.

ஆமினா உள்ளே ஓடிக் காமிராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மூடியைத் திறந்து குனிந்தாள். கண்ணாடியில் தெரு வந்து உட்கார்ந்தது. காயை வலது பக்கமாகத் தேடிப் போனால் அது இடது பக்கம் நழுவியது. அந்தக் கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும் என்று அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தட்டுத்தடுமாறிப் பிடித்துவிட்டாள்.

காய் நின்றது. பக்கவாட்டில் ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது.

"என்ன பாயம்மா, எதைத் தொலைச்சீங்க?"

அவள் குனிந்தபடியே நின்றாள். அவர் காயைக் கீழே வைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டார், துண்டைச் சரிசெய்தார், கையிரண்டையும் தொடையோடு ஒட்டி, கொடிக்கம்பம் மாதிரி நின்றார். கண்ணாடியில் அதே பயந்துபோன ஆள். அவள் விரல் காமிராப் பொத்தானின் மேல், அழுத்தாமல் இருந்தது.

"இது நீங்க இல்ல காத்தாண்ணே" என்றாள்.

"அவரும் இதைத்தான் சொன்னாரு. அப்ப நான்தான் யாரு? நானும் இத்தனை வருசமாத் தேடுறேன், உங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே கெடைக்கலைன்னா!" என்று அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். பல் போன வாய் முழுக்கத் திறந்து, கண் சுருங்கி, தோள் குலுங்கச் சிரித்தார்.

ஆமினாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தலையை நிமிர்த்திச் சிரித்தாள். அவள் மறுபடி குனிவதற்குள் அவர் சிரித்து முடித்துவிட்டுக் காயைத் தூக்கியிருந்தார்.

"படம் வந்திருச்சா?"

"இல்லண்ணே."

"பரவாயில்ல. கடன் இன்னும் கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காயை வாசலில் இறக்கி வைத்தார். காமிராவுக்குள் அந்த ஒரு படம் எடுக்காமலே இருந்தது.